முப்பது சொல், ஒரு நிமிடம்: புத்தாண்டு இலக்குகள் பற்றி

(நம் சமூகக் கூடத்தில் நடந்த புத்தாண்டுக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நம் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருப்பவர்.)

செயலாளர் சார் என்னிடம், "டீச்சர், இருபது நிமிஷம் பேசுங்க, புத்தாண்டு இலக்கு பற்றி" என்றார். கேசரியும் வடையும் ஆறிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்துவிடுகிறேன்.

நம் பிள்ளைகள் லிஃப்ட் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். "இந்த வருஷம் நான்..." என்று தலைப்பு. ஒரு வாரமாக வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் எழுதியிருக்கிறீர்கள். நேற்று சாயந்திரம் நின்று முழுவதும் படித்தேன். பெரியவர்கள் எழுதியதில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: "ஆரோக்கியமாக இருப்பேன்", "உடம்பைக் குறைப்பேன்", "கோபப்பட மாட்டேன்", "போனைக் குறைப்பேன்", "நிறைய படிப்பேன்". எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் கணக்கு டீச்சர் புத்தி எனக்கு. மார்ச் 31-ம் தேதி உங்களை நிறுத்தி, "ஆரோக்கியமாக இருப்பேன் என்றீர்களே, என்ன ஆச்சு?" என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? காட்ட ஒன்றும் இருக்காது. இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது.

அந்தச் சார்ட்டின் கீழ் மூலையில், பென்சிலில், நம் தரைத்தளத்துப் பையன் ஒருவன் எழுதியிருக்கிறான்: "பொங்கலுக்குள் 16-ம் வாய்ப்பாடு." மொத்தச் சார்ட்டிலும் உருப்படியான இலக்கு அதுதான் என்பது என் கட்சி. என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும் — மூன்றும் மூன்றே சொல்லில் வந்துவிட்டது. பொங்கலன்று யார் வேண்டுமானாலும் அவனை நிறுத்திக் கேட்கலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகித்தான் காரைக்கால் வந்தேன். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊரில் நானும் ஒரு தொண்டர். சாயந்திரம் வேலை முடிந்து வரும் பெண்களுக்கு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

நாட்டு அளவில் இதற்குத் திட்டம் போட்டது தேசிய எழுத்தறிவு இயக்கம். 1988 மே மாதம் தொடங்கியது. "எல்லோருக்கும் எழுத்தறிவு" என்று பெரிய வார்த்தையாகச் சொல்லிவிட்டு அவர்கள் விட்டுவிடவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் யார் என்று கணக்காக எழுதி வைத்தார்கள். தனக்கு விருப்பமான ஒரு விஷயம் பற்றிய எளிமையான பத்தியை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்து எழுதுவது நிமிடத்துக்கு 7 சொல். சொல்லக் கேட்டு எழுதுவது 5 சொல். 1 முதல் 100 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். இவ்வளவுதான். இதற்கு மூன்று பாடப் புத்தகம், சுமார் 200 மணி நேரப் படிப்பு, நடுநடுவே தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சின்னச் சின்னப் பரீட்சைகள்.

முதலில் இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிமிடத்துக்கு 30 சொல்லா? அது ஒரு படிப்பா? நம் வீட்டுப் பிள்ளைகள் நூறு சொல்லுக்கு மேல் சரசரவென்று படிக்கிறார்கள். ஆனால் வகுப்பில் உட்கார்ந்த பெண்களுக்கு அந்த 30 என்ற எண் என்ன செய்தது என்று பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. ஐம்பது வயதில், கல் உடைத்துக் காய்ப்பு ஏறிய கையோடு வந்து உட்கார்ந்த ஓர் ஆச்சியிடம் "உனக்குப் படிப்பறிவு வர வேண்டும்" என்று சொன்னால், "இனிமே எனக்கு எங்க தாயி?" என்று எழுந்து போய்விடும். "இன்னிக்கு நாலு சொல் படிச்சே, அடுத்த வாரம் ஆறு" என்றால் உட்காரும். அந்த ஆச்சிக்கு உள்ளுக்குள் வேறொரு இலக்கு இருந்தது. பஸ் போர்டைத் தானே படித்து ஏற வேண்டும், பக்கத்தில் நிற்கிற பையனிடம் "தம்பி, இது எந்தூரு பஸ்ஸு?" என்று கேட்கக்கூடாது. ஒரு சந்தை நாளன்று அது நடந்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த இயக்கத்தோடு சேர்ந்துதான் சைக்கிளும் வந்தது. கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்வதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. "பெண் விடுதலை" என்பது மேடையில் பேசுகிற சொல். சைக்கிளில் ஏறி விழாமல் தண்ணீர்க் குடத்தோடு வீடு வந்து சேர்வது ஒரு பெண் வாரக் கணக்கில் கற்றுக்கொள்ளக்கூடிய காரியம். இரண்டாவது வந்தால் முதலாவதும் கொஞ்சம் வந்துவிடுகிறது. எதிர்ப்பக்கமாக நடந்து நான் பார்த்ததில்லை.

சரி, இதை இங்கே, காரைக்காலில், நம் நாலு மாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவருவோம்.

போன ஐப்பசி மழையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கி இரண்டு நாள் லிஃப்ட் ஓடவில்லை. மேல் மாடியில் இருக்கும் ஐயா ஒருவருக்கு அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரியில் தேதி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்கினோம். இறங்கும்போது அவர் சொன்னார்: "இப்படித் தூக்கறது ஒரு தடவைதான்னு நெனச்சேன், ரெண்டு தடவை ஆயிடும்போல." எல்லோரும் சிரித்தோம். இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் குடியிருப்பில் பாதி வீட்டில் அறுபது தாண்டிய இரண்டு பேர்தான். பிள்ளைகள் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் சென்னையிலும். இந்தக் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை என்றால் காற்றும் மழையும் இருக்கத்தான் செய்யும். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியலில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நம் பக்கமும் மரமும் கம்பமும் சாய்ந்தன. கரண்ட் இல்லை என்றால் லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை. அப்போது கீழே போய் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பாக்கெட் பாலும் எடுத்து வர நம் கால் நமக்கு வேண்டும்.

ஆகவே, "ஆரோக்கியமாக இருப்பேன்" என்று எழுதிய என் வயதுக்காரர்களுக்கு நான் தரும் மாற்று வாசகம் இது: "அடுத்த மழைக்குள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாவது, நடுவில் உட்காராமல் என் வீட்டுக்கு நானே படி ஏறுவேன்." மழை ஐப்பசியில். கையில் ஒன்பது மாதம் இருக்கிறது. முடியும்.

எங்கே இருக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும் இல்லையா? அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வயதானவர்கள் விழுந்துவிடும் ஆபத்தைக் கணிக்க அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிபாரிசு செய்வது. கைப்பிடி இல்லாத, நேரான முதுகுள்ள நாற்காலி ஒன்று, சுமார் 17 அங்குல உயரம். அதைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுவில் உட்கார்ந்து இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். முழுக்க எழுந்து நிற்க வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். 30 விநாடியில் எத்தனை தடவை எழுகிறீர்கள் என்று இன்னொருவர் எண்ண வேண்டும். கையை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். 60 முதல் 64 வயதில் ஆண் 14, பெண் 12. 65 முதல் 69 என்றால் ஆண் 12, பெண் 11. 70 முதல் 74 என்றால் ஆண் 12, பெண் 10. இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் கால் பலம் குறைவு, கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். நானும் என் வீட்டுக்காரரும் போன வாரம் செய்து பார்த்தோம். என் எண்ணை மட்டும் சொல்கிறேன்: 11. அவருடையதைச் சொன்னால் எனக்கு ராத்திரி சாப்பாடு கிடைக்காது.

மூட்டு அறுவை செய்தவர்கள், இருதயத் தொந்தரவு இருப்பவர்கள், தலைச்சுற்றல் வருகிறவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரும் செய்ய வேண்டாம்.

இந்த எண் கையில் வந்த பிறகு இலக்கு வைப்பது எளிது. 7 வந்தவர் 14 என்று எழுதக்கூடாது. மார்ச் கடைசிக்குள் 9 என்று எழுதட்டும். தினமும் காலையில் ஐந்து தடவை, சாயந்திரம் ஐந்து தடவை, அதே நாற்காலியில். பயிற்சியும் அதுவே, பரீட்சையும் அதுவே.

நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு பத்தாயிரம் அடி, பத்தாயிரம் அடி என்று அரசலாற்றங்கரையில் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பி, அதுவும் போதாமல் ஹாலுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து. அந்தப் பெயருக்கே 'பத்தாயிரம் அடி அளவி' என்றுதான் பொருள். அது விளம்பரம், மருத்துவம் சொன்ன எண் இல்லை. 2019-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பார்த்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. நன்மை 7,500 அடி வரை ஏறி, அதற்குமேல் பெரிதாகக் கூடவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்தான் அதிகம் நடப்பார் என்பதும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனாலும் பத்தாயிரம் முடியவில்லை என்று நடையையே விட்டுவிட்டவர்கள் இங்கே மூன்று பேராவது இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்தக் கணக்கு. வீட்டுக்குள் நடப்பதும் சேர்த்துத்தான் 4,400. நம்ம ஊர் அம்மையார் கயிலாயத்துக்குத் தலையாலேயே நடந்தார் என்பது வரலாறு. நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. கடற்கரை வரைக்கும், அதுவும் காலால்.

இன்னொன்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றுவது. "இந்த வருஷம் முழுவதும்" என்று நாம் எழுதுகிறோமே, அது நம் வழக்கமே இல்லை. யோசித்துப் பாருங்கள். நம் பெரியவர்கள் எதையாவது விரதம் என்று எடுத்தால் வருஷக் கணக்கில் எடுத்தார்களா? ஒரு மண்டலம், 48 நாள். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள். மார்கழிக் கோலம் ஒரு மாசம். நம் பாய் வீடுகளில் ரமலான் நோன்பு 29 அல்லது 30 நாள். கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலம் 40 நாள். எல்லா மதத்துக்காரர்களும் ஒரே மாதிரி ஏதோ ஒரு மனிதக் கணக்கைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஆரம்ப நாள் தெரியும், முடியும் நாள் தெரியும், எதைச் செய்யக்கூடாது என்று தெரியும், கூடவே நாலு பேர் செய்கிறார்கள். சிகரெட்டை விட முடியாது என்று சொல்கிறவர் மாலை போட்டால் 41 நாள் விட்டுவிடுகிறார்! மலைக்குப் போய் வந்த அன்று மறுபடி பற்ற வைக்கிறார் என்பது வேறு விஷயம். அங்கேதான் நாம் இன்னொரு மண்டலம் சேர்க்க வேண்டும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் ஒரு சின்னக் காரியம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் என்பது மாதிரி. யோசிக்காமலே தானாக வரும் பழக்கமாக அது ஆக எத்தனை நாள் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. வாட்ஸ்அப்பில் 21 நாள் என்று வருவதை நம்பி, 22-ம் நாள் "எனக்கு வரலையே" என்று மனம் உடையாதீர்கள். 48 நாள் ஒன்று, அது முடிந்து நாலு நாள் இடைவெளி விட்டு இன்னொரு 48. என் கணக்குக்கு அது சரியாக வருகிறது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடும்படி பாதிப்பு இல்லை. நம் ஆட்கள் அதில்தான் கவிழ்கிறார்கள். ஜனவரி 9-ம் தேதி கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "சரி, போச்சு, இனி அடுத்த வருஷம்" என்று முடித்துவிடுவார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள்தான் போச்சு.

புத்தாண்டு உறுதிமொழியே வெட்டி வேலை என்று கேலி செய்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். 2002-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஜான் நார்கிராஸ் இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டார். இரண்டு கூட்டத்துக்குமே மாற வேண்டும் என்ற ஆசை உண்டு. ஒரு கூட்டம் புத்தாண்டுக்கு உறுதி எடுத்தது, இன்னொன்று எடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, எடுத்தவர்களில் 46 சதவீதம் தொடர்ந்தார்கள்; எடுக்காதவர்களில் 4 சதவீதம்தான். எனவே பிள்ளைகள் ஒட்டிய சார்ட்டை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

எப்போது, எங்கே என்று எழுதாத இலக்கு கழன்றுபோகும். பீட்டர் கோல்விட்சர் என்ற மனவியல் ஆய்வாளர் இதை ரொம்ப வருஷம் ஆராய்ந்தார். "நடப்பேன்" என்பதைவிட, "காலையில் காபி தம்ளரைக் கழுவி வைத்த உடனே செருப்பை மாட்டுவேன்" என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டால் நடக்கிறது. நம்ம ஊருக்கு இதில் ஒரு திருத்தம் வேண்டும். ஜனவரியில் கடற்காற்றில் சுகமாக நடக்கும் ஆள் சித்திரை வெயிலில் என்ன செய்வார்? ஐப்பசியில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது என்ன செய்வார்? அதையும் இப்போதே எழுதிவிடுங்கள்: "வெயில் காலத்தில் ஆறு மணிக்கு முன்னால், மழை என்றால் நம் கட்டடத்துத் தரைத்தளக் கார் நிறுத்துமிடத்தில் பத்துச் சுற்று." கார்களைக் கொஞ்சம் ஒழுங்காக நிறுத்தினால் அதுவும் நடக்கும். இது செயலாளருக்கு.

சாப்பாட்டில் ஒரே ஒரு உதாரணம். "உப்பைக் குறைப்பேன்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அதை யார் அளந்துகொண்டிருப்பது? நம் வீட்டு உப்பு நிறைய வருவது ஊறுகாய், அப்பளம், கருவாடு வழியாக. "அப்பளம் ஞாயிற்றுக்கிழமை மட்டும், கருவாடு மாதம் இரண்டு தடவை" என்று எழுதினால் அளக்க வேண்டாம், எண்ணினால் போதும். கருவாட்டை முழுக்க விடச் சொன்னால் காரைக்காலில் என்னை யாரும் வீட்டுக்குள் விடமாட்டீர்கள்.

உடம்பைப் பற்றியே பேசிவிட்டேன். காகிதம் பற்றியும் கொஞ்சம். நம் குடியிருப்பில் சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறீர்கள், பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுக்காரர்களும் இருக்கிறீர்கள். வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்க ஓடுகிறோம். ஆனால் போன பிறகு வீட்டில் இருப்பவர் எங்கே போய் எதைக் கேட்க வேண்டும் என்பது பல வீட்டில் எழுதி இல்லை. ஒருவர் போன பிறகு, பாங்க் கணக்கில் நாமினி பெயர் இல்லாமல், அந்த அம்மா மாதக் கணக்கில் அலைந்ததை நான் கூடவே போய்ப் பார்த்தேன். "எல்லாப் பேப்பரையும் ஒழுங்கு பண்ணுவேன்" என்று எழுதாதீர்கள்; பீரோவைத் திறந்து பார்த்து மூடிவிடுவீர்கள். மாதம் ஒரு காகிதம். ஜனவரியில் பாங்க் நாமினி. பிப்ரவரியில் இன்ஷூரன்ஸ். மார்ச்சில் வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு நகல். ஏப்ரலில் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரம்மாவிடமோ காட்டுவது. என் அனுபவத்தில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். அதைப் பற்றிப் பேசவே பயப்படுவோம்.

எழுதி வைப்பதில் நம் பக்கத்து ஆளே ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736-ல் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து, 1761-ல் சாகும் வரை எழுதினார். இருபத்தைந்து வருஷம். நம் காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காலமும் அதற்குள் அடக்கம். நடுவில் எழுதாமல் விட்ட நாட்களும் உண்டு, தொலைந்துபோன பகுதிகளும் உண்டு. அவரைப் போல எழுத நமக்கு முடியாது, தேவையும் இல்லை. சமையலறைக் காலண்டரில் ஒரு பென்சில் போதும். நடந்தால் ஒரு டிக், நடக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம். மாதக் கடைசியில் டிக்கை எண்ணுங்கள். 30-க்கு 30 வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். 30-க்கு 19 வந்தால் நம்புவேன்.

எத்தனை இலக்கு வைப்பது? ஒன்று. முதல் மண்டலத்துக்கு ஒன்றே ஒன்று. நம்ம சார்ட்டில் ஒரு தம்பி பதினொன்று எழுதியிருக்கிறார். ஏதோ மளிகைக் கடை லிஸ்ட் மாதிரி இருக்கிறது. தம்பி, ஒன்றை வைத்துக்கொண்டு பத்தைத் தை மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளைகள் சார்பில் நீங்கள் எழுதியதையும் பார்த்தேன். "என் மகள் இந்த வருஷம் முதல் ராங்க் வாங்குவாள்." அந்தக் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது இல்லை என்பது எனக்குத் தெரியும், அவள் நோட்டை நான் திருத்தியிருக்கிறேன். முதல் ராங்க் என்பது அவள் கையில் இருப்பதில்லை. வகுப்பில் மற்ற நாற்பது பேர் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் ஐந்து கணக்கு என்பது அவள் கையில் இருப்பது. ஆனால் அதையும் அவள்தான் எழுத வேண்டும். புதுக்கோட்டை ஆச்சிக்குப் பஸ் போர்டு என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுவே தேடிக்கொண்டது. நான் சொல்லியிருந்தால் ரேஷன் கார்டு படி என்று சொல்லியிருப்பேன்.

கடைசியாக நடைமுறை. பழைய சார்ட்டைப் பிள்ளைகள் கழற்றப் போவதில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்டுகிறார்கள். அதில் நாலு கட்டம்: என்ன, எந்த நேரம், முதல் 48-ம் நாள் என்றைக்கு, மழை பெய்தால் என்ன. பெயர் போட விருப்பமில்லாதவர்கள் வீட்டு எண் போடலாம், அதுவும் வேண்டாம் என்றால் ஒரு பூ வரைந்துகொள்ளுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு இதே கூடத்தில் நாற்காலிச் சோதனை. நம் குடியிருப்பில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். எண்ணுவதற்குப் பிள்ளைகள் நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், 16-ம் வாய்ப்பாட்டுக்காரன் உட்பட. கூடத்தில் இருக்கும் நாற்காலி எல்லாம் கைப்பிடி வைத்தது. கைப்பிடி இல்லாத நாற்காலி யார் வீட்டில் இருக்கிறதோ, சனிக்கிழமை ராத்திரியே வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள்.